சொலினாய்டு வால்வு மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பதும் சரியான வால்வைத் தேர்வதும்

மின்காந்தத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு நின்றுபோனால் பலரும் செய்வது ஒன்றுதான்: அதே மாதிரி இன்னொன்று வாங்கிப் பொருத்துவது. புதியது சில நாள் ஓடும், பிறகு அதே கோளாறு திரும்பும். தூக்கிப் போட்ட பழைய வால்வு பெரும்பாலும் பழுதாகியே இருக்காது. அந்த இடத்துக்குப் பொருந்தாத வகையாக இருந்திருக்கும், இல்லையேல் உள்ளே ஒரு மணல் துகள் சிக்கியிருக்கும். கோளாறு எந்த வடிவில் வெளிப்படுகிறது என்று கவனித்தால், வாங்க வேண்டியது காயிலா (காந்தத்தை உண்டாக்கும் செம்புச் சுற்று), டயாஃப்ரமா (வழியை மூடும் ரப்பர் தகடு), வேறு வகை வால்வா, அல்லது எதுவுமே வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

## கைவைக்கும் முன்

மின்சாரத்தை நிறுத்துங்கள், வால்வுக்கு முன்னால் உள்ள கைவால்வை மூடுங்கள், குழாயில் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள். வெந்நீர், நீராவி லைன் என்றால் ஆறும்வரை காத்திருங்கள். காற்று லைனில் அழுத்தம் இருக்கும்போதே மேல்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் (காந்தம் இழுக்கும் இரும்புத் தண்டு) முகத்தை நோக்கிப் பறக்கும். எரிவாயு வால்வுக்குக் கீழே தனிப் பகுதி உள்ளது. அதைப் படிக்காமல் அந்த வால்வைத் தொடாதீர்கள்.

மல்டிமீட்டர், பிரஷர் கேஜ், ஸ்பேனர், சிறிய ஸ்க்ரூடிரைவர், பழைய டூத்பிரஷ் போதும். காயில் மேல் அச்சிட்டிருப்பதையும் வால்வு உடலில் பொறித்திருப்பதையும் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: வோல்ட், ஏசியா டிசியா, ஹெர்ட்ஸ், வாட், குறைந்தபட்ச அழுத்தம், அதிகபட்ச அழுத்தம், அம்புக்குறி. கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு விடை அந்தப் படத்திலேயே இருக்கும்.

கையில் இருப்பது எந்த வகை என்றும் தெரிந்திருக்க வேண்டும். டைரக்ட் ஆக்டிங் வகையில் பிளஞ்சரே சீட்டை (வழித்துளையின் விளிம்பை) நேராகத் திறந்து மூடும். அழுத்தமே இல்லாவிட்டாலும் வேலை செய்யும், ஆனால் துளை சிறியது, பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். பைலட் வகையில் பிளஞ்சர் திறப்பது ஒரு ஊசித்துளையை மட்டுமே. பெரிய டயாஃப்ரத்தைத் தூக்குவது தண்ணீரின் அல்லது காற்றின் அழுத்தம்தான். அதனால் உள்வழிக்கும் வெளிவழிக்கும் இடையே வழக்கமாக 0.3 முதல் 0.5 பார் வேறுபாடு வேண்டும். மூன்றாவது செமி டைரக்ட். இதில் டயாஃப்ரம் பிளஞ்சரோடு இணைக்கப்பட்டிருக்கும். பெரிய துளையையும் பூஜ்ய அழுத்தத்திலிருந்தே திறக்கும். காயில் பெரிது, விலையும் கூடுதல்.

## அறிகுறி 1: மின்சாரம் கொடுத்தும் திறக்கவில்லை

காதைக் கிட்டே வைத்து, மின்சாரம் கொடுக்கும் நொடியில் "டக்" என்று கேட்கிறதா என்று கவனியுங்கள். அந்த ஒரு சத்தம் வழியை இரண்டாகப் பிரித்துவிடும்.

### "டக்" சத்தமே இல்லை

காயிலுக்கு மின்சாரம் வந்து சேர்கிறதா என்பதே முதல் கேள்வி. இரும்பு ஸ்க்ரூடிரைவர் முனையைக் காயிலின் மேல் நட்டுக்கு அருகே கொண்டுபோங்கள். இழுத்தால் காந்தப்புலம் இருக்கிறது, காயில் உயிரோடு இருக்கிறது; பிளஞ்சர்தான் சிக்கியிருக்கிறது. இழுக்கவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள்.

வோல்டேஜைக் காயில் இணைந்திருக்கும்போதே அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால், நீளமான கேபிளில் வெறும் தூண்டலால் வரும் 60, 80 வோல்ட்கூட மின்சாரம் போலத் தெரியும். காயில் மாட்டியதும் அது காணாமல் போகும். நேம்பிளேட் வோல்டேஜில் 10 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் பிளஞ்சர் எழாது.

குறைந்த வோல்ட் டிசி காயில்களில் ஒயரே எதிரியாகிவிடும். 12 வோல்ட், 12 வாட் காயில் 1 ஆம்பியர் இழுக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 50 மீட்டர் தள்ளி வைத்தால் போய்வரும் தூரம் 100 மீட்டர், மின்தடை ஏறத்தாழ 2.3 ஓம், வழியிலேயே ஏறத்தாழ 2 வோல்ட் போய்விடும். காயிலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 வோல்ட்தான். இதற்குப் புதிய வால்வு தீர்வல்ல. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுங்கள், அல்லது 24 வோல்ட் சப்ளையும் 24 வோல்ட் காயிலுமாக மாறுங்கள். அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதியாகும்.

காலையில் ஒழுங்காக ஓடி, மதியத்துக்கு மேல் திறக்க மறுக்கும் டிசி வால்வும் இதே குடும்பம்தான். செம்புச் சுற்று ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் மின்தடை கூடும். காயில் 60, 70 டிகிரி சூடேறினால் கால்பங்குக்கு மேல் இழுவிசை இழக்கும். விளிம்பில் இருந்த வோல்டேஜ் அப்போது போதாமல் போகிறது.

மின்சாரம் சரியாக வருகிறது, காந்தம் இல்லை என்றால் மின்சாரத்தை நிறுத்தி, காயிலைக் கழற்றி அதன் மின்தடையை அளவுங்கள். டிசி காயிலுக்குக் கணக்கு எளிது: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 24 வோல்ட், 12 வாட் என்றால் 48 ஓம். ஏசி காயிலுக்கு இந்தக் கணக்கு செல்லாது, மல்டிமீட்டர் காட்டும் ஓம் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். அதே மாடல் நல்ல காயில் ஒன்றோடு ஒப்பிடுவதுதான் வழி. முடிவிலி காட்டினால் சுற்று அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட். இரண்டுக்கும் காயில் மட்டும் மாற்றினால் போதும், வால்வைக் குழாயிலிருந்து கழற்றவே தேவையில்லை.

காந்தம் இருந்தும் பிளஞ்சர் அசையவில்லையா? உப்புப் படிவு, துரு, அல்லது பிளஞ்சர் ஓடும் குழல் நசுங்கியிருக்கும். மேல்மூடியைத் திறந்து பிளஞ்சரை எடுத்து, வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ அரை மணி நேரம் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், அது பித்தளையையும் பிளஞ்சரையும் தின்னும். எண்ணெய் போட்டு வழவழப்பாக்கவும் வேண்டாம். தூசியைப் பிடித்து வைக்கும், இபிடிஎம் ரப்பரை உப்பவைக்கும். குழல் நசுங்கியிருந்தால் அதைத் தட்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

டைரக்ட் ஆக்டிங் வால்வில் இன்னொன்றையும் பாருங்கள்: லைன் அழுத்தம் நேம்பிளேட்டில் உள்ள அதிகபட்சத்தைத் தாண்டினால் காயிலால் பிளஞ்சரைத் தூக்க முடியாது. முன்னால் உள்ள கைவால்வைப் பாதி மூடியதும் "டக்" என்று திறந்துகொண்டால் அதுதான் காரணம். ஏசி காயிலைக் கழற்றி டிசி காயில் போட்ட பிறகு இது ஆரம்பித்திருந்தால் ஆச்சரியமில்லை. பல மாடல்களில் டிசி காயிலுக்கு அதிகபட்ச அழுத்தம் குறைவு.

### "டக்" கேட்கிறது, தண்ணீர் வரவில்லை

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. காயில் நன்றாக இருக்கிறது, பிளஞ்சர் எழுகிறது, ஆனாலும் வால்வு திறக்கவில்லை. எளிமையானதிலிருந்து தொடங்குங்கள்.

முன்னால் உள்ள கைவால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, ஸ்ட்ரெய்னர் (வலை வடிகட்டி) அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண் முன்னால் இருப்பதாலேயே இந்த இரண்டும் தவறிப்போகும்.

அடுத்து அழுத்தம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஈர்ப்பில் வரும் தண்ணீரில் பைலட் வால்வு போட்டிருந்தால், விடை இங்கேயே கிடைத்துவிடும். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறத்தாழ 1 பார். தொட்டி நீர்மட்டம் வால்வுக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார், குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அதுவும் குறையும். தொட்டி நிறைந்திருக்கும்போது திறக்கும், பாதியானதும் திறக்காது என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது இதுதான். அந்த வால்வில் பழுதே இல்லை. அங்கே தேவை செமி டைரக்ட் வகை. நேம்பிளேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் "0" என்று இருக்க வேண்டும். ஓட்டம் குறைவாகப் போதும் என்றால் டைரக்ட் ஆக்டிங். மின்சாரத்துக்குப் பஞ்சம் உள்ள இடத்தில் மோட்டார் பால் வால்வு இன்னும் நல்லது. திறந்து மூடும் சில நொடிகளுக்கு மட்டுமே மின்சாரம் இழுக்கும், வழியும் முழுதாகத் திறக்கும்.

கேஜில் 1 பார் காட்டியும் திறக்கவில்லை என்றால் வெளிவழி அழுத்தத்தையும் அளவுங்கள். பைலட் வால்வுக்கு வேண்டியது அழுத்தமல்ல, அழுத்த வேறுபாடு. வெளிப்பக்கம் உயரமான தொட்டிக்கு ஏறும் குழாய் இருந்தால் அந்த நீர்த்தம்பமே எதிர் அழுத்தமாக நிற்கும்.

இதெல்லாம் சரி என்றால் வால்வைத் திறக்க வேண்டியதுதான். மேல்மூடி திருகுகளை எதிரெதிராகத் தளர்த்தி எடுங்கள், ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளஞ்சருக்கு அடியில் உள்ள பைலட் துளை அடைத்திருந்தால் டயாஃப்ரத்துக்கு மேலே உள்ள தண்ணீர் வெளியேறாது, வால்வு திறக்காது. அழுத்தக் காற்றை ஊதியோ நைலான் இழையை விட்டோ சுத்தம் செய்யுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி வேறு கோளாறு தொடங்கும். டயாஃப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் கிழிசல் இருந்தால், பைலட் துளை வெளியேற்றும் வேகத்தைவிட வேகமாக மேலறைக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்; அப்போதும் திறக்காது. டயாஃப்ரம் கிட் தனியாகக் கிடைக்கும் மாடல் என்றால் அதுபோதும்.

## அறிகுறி 2: மின்சாரத்தை நிறுத்தியும் மூடவில்லை

### முழு ஓட்டமும் நிற்கவில்லை

காயிலின் கனெக்டரைக் கழற்றுங்கள். உடனே மூடிக்கொண்டால் குற்றவாளி வால்வல்ல, சுவிட்ச். சாலிட் ஸ்டேட் ரிலேயும் (மின்னணு சுவிட்ச்), பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவியின் ட்ரையாக் அவுட்புட்டும் ஆஃப் நிலையிலும் சில மில்லி ஆம்பியர் கசியவிடும். சிறிய ஏசி காயிலில் ஏற்கெனவே எழுந்துவிட்ட பிளஞ்சரைப் பிடித்து வைக்க அந்தக் கசிவே போதுமானதாகலாம். நடுவில் சாதாரண ரிலே ஒன்றைப் போட்டால் தீர்ந்தது.

கனெக்டரைக் கழற்றியும் ஓடுகிறது என்றால், வால்வில் கையால் திறக்கும் திருகு இருக்கிறதா, யாராவது திருப்பி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு அம்புக்குறி. பைலட் வால்வை அம்புக்கு எதிர்த் திசையில் பொருத்தினால் தண்ணீர் டயாஃப்ரத்தைக் கீழிருந்து தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். பம்பு நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் வால்வு வழியாகப் பின்வாங்கும் இடத்திலும் நடப்பது இதுவே. அங்கே வால்வை மாற்றிப் பயனில்லை, வெளிவழியில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (ஒருவழி வால்வு) வேண்டும்.

அடுத்தது டயாஃப்ரத்தில் உள்ள ஊட்டுத்துளை. குண்டூசித் தலைக்கும் சிறிய இந்தத் துளை வழியாகத்தான் மேலறைக்குத் தண்ணீர் போய், டயாஃப்ரத்தை அழுத்தி மூடுகிறது. இது அடைத்தால் வால்வு மூடாது. இரண்டு துளைகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: பைலட் துளை அடைத்தால் திறக்காது, ஊட்டுத்துளை அடைத்தால் மூடாது. டயாஃப்ரத்தின் நடுப்பகுதி கிழிந்திருந்தாலும் மேலறை அழுத்தம் வெளிவழிக்கு ஒழுகி, மூடாமல் போகும்.

### சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது

பத்துப் பதினைந்து முறை அடுத்தடுத்துத் திறந்து மூடுங்கள், ஓட்டம் முழுதாக இருக்கட்டும். சீட்டில் சிக்கிய துகள் அடித்துக்கொண்டு போய்விடலாம். போகவில்லை என்றால் திறந்து, சீட்டின் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். கீறல் நகத்தில் தட்டினால் அந்த உடல் இனி சரிவராது. ரப்பரில் மட்டும் பள்ளம் இருந்தால் கிட் மாற்றலாம்.

புதிதாகப் போட்ட வால்வு முதல் வாரத்திலேயே ஒழுகினால், உள்ளே டெஃப்ளான் டேப்பின் நூல்தான் இருக்கும். டேப்பைக் குழாய் முனையிலிருந்து ஒரு மரை தள்ளித் தொடங்கிச் சுற்றினால் அது உள்ளே போகாது. குழாய் அறுத்த பிசிறும் பைப் பசையும் இதே வேலையைச் செய்யும். வால்வை இணைக்கும் முன் குழாயில் ஒரு வாளித் தண்ணீரைத் திறந்துவிட்டு அலசுங்கள். வால்வுக்கு முன்னால் 100 மெஷ் ஸ்ட்ரெய்னர், அதாவது 150 மைக்ரான் அளவு, இருந்தால் இந்தப் பகுதி முழுவதையுமே மறுபடி படிக்க வேண்டியிராது.

## அறிகுறி 3: உறுமுகிறது, அதிர்கிறது

ஏசி காயில் மெல்லிய ரீங்காரம் போடுவது இயல்பு. அடுத்த அறைக்குக் கேட்டால் கோளாறு.

வோல்டேஜ் குறைவா என்று முதலில் அளவுங்கள். பிறகு காயில் நட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பிளஞ்சரை வெளியே எடுங்கள். அதன் தலைக்கும் மேலே உள்ள நிலையான இரும்புத் துண்டுக்கும் இடையே துருப்பொடி இருந்தால் இரண்டும் முழுதாக ஒட்டாது. துடைத்தால் சத்தம் நின்றுவிடும். அந்த நிலையான துண்டின் முகத்தில் ஒரு செம்பு வளையம் பதித்திருக்கும். ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும்போதும் பிளஞ்சரை விடாமல் பிடித்திருப்பது அந்த வளையம்தான். அது உடைந்திருந்தால் குழலோடு சேர்த்து மாற்றுங்கள்.

டிசி காயிலுக்குத் தவறுதலாக ஏசி கொடுத்தாலும் உறுமும், இழுக்காது. உறுமலே கூடாத இடத்தில் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்குவது) உள்ள கனெக்டரையும் அதற்கென்றே செய்த காயிலையும் சேர்த்து வாங்குங்கள். இருக்கும் ஏசி காயிலில் ரெக்டிஃபையரை மட்டும் மாட்டினால் காயில் வெந்துபோகும்.

சத்தம் காயிலிலிருந்து வராமல் உடலிலிருந்து "படபட" என்று வந்தால், பைலட் வால்வு ஓட்டத்துக்குத் தேவையானதைவிடப் பெரிய அளவு என்று பொருள். இதற்கு வால்வின் கேவி எண் வேண்டும் (கிலோவோல்ட் அல்ல, 1 பார் வேறுபாட்டில் மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகும் என்ற எண்). ஓட்டத்தைக் கேவியால் வகுத்து, வந்த விடையை அதே விடையால் பெருக்கினால் வால்வில் விழும் அழுத்தம் பாரில் கிடைக்கும். மணிக்கு 2.5 கன மீட்டர் ஓட்டத்துக்கு கேவி 10 உள்ள 1 அங்குல வால்வு போட்டால் 0.06 பார்தான் விழும், டயாஃப்ரம் நிலையாக நிற்காமல் துடிக்கும். கேவி 3.5 உள்ள அரை அங்குல வால்வில் 0.5 பார் விழும், நன்றாகத் திறந்து நிற்கும். குழாய் 1 அங்குலம் என்பதால் வால்வும் 1 அங்குலம் வேண்டும் என்பதில்லை. ஓட்டத்தைப் பார்த்து வாங்குங்கள்.

## அறிகுறி 4: காயில் சுடுகிறது, எரிகிறது

தொட முடியாத சூடு எல்லாமே கோளாறல்ல. தொடர்ந்து மின்சாரத்தில் இருக்கும் காயிலின் மேற்பரப்பு 70, 80 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். எஃப் வகுப்பு இன்சுலேஷன் 155 டிகிரி, எச் வகுப்பு 180 டிகிரி வரை தாங்கும். எரிந்த வாடை, உருகிய பிளாஸ்டிக், விரிசல், இவை தெரிந்தால்தான் கவலை.

எரிந்த காயிலைத் தூக்கிப்போட்டு உடனே புதியதை மாட்டாதீர்கள். அதுவும் எரியும். காரணத்தைப் பிடியுங்கள்.

ஏசி காயில் எரிந்திருந்தால் முதல் சந்தேகம் பிளஞ்சர் மீது. பிளஞ்சர் கீழே இருக்கும்வரை ஏசி காயில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், மேலே எழுந்து ஒட்டிய பிறகுதான் குறையும். வழக்கமாக இது ஒரு கணத்தில் முடியும். பிளஞ்சர் பாதியில் சிக்கினால் அந்த அதிக மின்னோட்டமே நீடித்து, சில நிமிடங்களில் காயில் வெந்துவிடும். இதே காரணத்தால், மின்சாரம் இருக்கும்போது ஏசி காயிலைக் குழலிலிருந்து உருவி எடுக்கக் கூடாது. "சோதித்துப் பார்க்கலாம்" என்று கையில் காயிலை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடுவது நல்ல காயிலைக் கொல்லும் நிச்சயமான வழி. டிசி காயிலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

மின்னோட்டத்தை அளக்கக் கிளாம்ப் மீட்டர் உண்டென்றால், ஒரு ஒயரை அதன் வாய்க்குள் பத்துச் சுற்று விட்டு, வரும் அளவைப் பத்தால் வகுங்கள். சிறிய காயிலின் மின்னோட்டம் ஒற்றைச் சுற்றில் மீட்டருக்குத் தெரியாது.

பிளஞ்சர் நன்றாக ஓடுகிறது என்றால் பொருத்தமின்மையைத் தேடுங்கள். 24 வோல்ட் ஏசி காயிலுக்கு 24 வோல்ட் டிசி கொடுத்தால் எரியும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த காயிலை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதிகம் சூடேறும். இடைவெளி விட்டு ஓட்டச் செய்த காயில் நாள் முழுதும் மின்சாரத்தில் கிடந்தால் தாங்காது. தொடர் ஓட்டத்துக்கு "100 சதவீதம் ஈடி" என்று குறித்த காயில் வேண்டும். நாளில் 20 மணி நேரம் திறந்திருக்கும் லைனில் மின்சாரம் கொடுத்தால் திறக்கும் நார்மலி க்ளோஸ்டு வால்வு எதற்கு? மின்சாரம் கொடுத்தால் மூடும் நார்மலி ஓப்பன் போட்டால் காயில் 4 மணி நேரம்தான் உழைக்கும். ஆனால் மின்வெட்டில் அது திறந்தே கிடக்கும், வெள்ளமாகும் ஆபத்துள்ள இடத்தில் போட வேண்டாம்.

காயில் பச்சைப் பூத்து அறுந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கனெக்டருக்குள் இருக்க வேண்டிய தட்டை ரப்பர் கேஸ்கெட் கீழே விழுந்து தொலைந்திருக்கும். அது இல்லாமல் ஐபி 65 என்ற நீர், தூசிப் பாதுகாப்புக் குறி வெறும் எழுத்து. கேபிள் கீழ்நோக்கி இறங்கும்படி கனெக்டரைத் திருப்பி வையுங்கள், முடிந்தவரை காயில் செங்குத்தாக மேலே நிற்கட்டும்.

காயில் நன்றாக இருக்க, அதை இயக்கும் ட்ரான்ஸிஸ்டர் அவுட்புட் அடிக்கடி போனால் டிசி காயிலுக்குக் குறுக்கே டயோடு இல்லை. காயிலை நிறுத்தும்போது எழும் எதிர் மின்னழுத்தம் அதை அடிக்கிறது. டயோடின் கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். மாற்றிப் போட்டால் ஷார்ட். ஒரே பேனலில் இரண்டு காயில் அடுத்தடுத்து எரிந்தால் வால்வை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், சப்ளையில் கோளாறு.

## அறிகுறி 5: மூடும்போது குழாயில் "டமார்"

ஓடும் தண்ணீர் சட்டென நின்றால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு எஃகுக் குழாயில் ஏறத்தாழ 12 பார் அழுத்தம் எகிறும். பிளாஸ்டிக் குழாயில் இதைவிடக் குறைவு, ஆனால் ஒட்டிய இணைப்புகள் அதையும் நீண்ட நாள் தாங்காது. மணிக்கு 2.5 கன மீட்டர் தண்ணீர் 15 மில்லிமீட்டர் குழாயில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடும். 25 மில்லிமீட்டர் குழாயில் 1.4 மீட்டர்தான்.

முதலில் குழாயைக் கிளிப் போட்டு இறுக்குங்கள். சத்தம் குறையும், அடி குறையாது. அழுத்தம் தேவைக்கு மேல் இருந்தால் ரெகுலேட்டரால் 3 பாருக்கு இறக்குங்கள். வால்வுக்கு அருகே, அந்த அடியை வாங்கிக்கொள்ளும் ஷாக் அரெஸ்டர் போடலாம். அதற்கும் அடங்காத நீண்ட குழாயில் மெதுவாக மூடும் மோட்டார் பால் வால்வுதான் வழி.

## அறிகுறி 6: வெளியே கசிகிறது

மரையில் கசிந்தால் என்பிடியும் (அமெரிக்க மரை) பிஎஸ்பியும் (பிரிட்டிஷ் மரை) கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால் ஒன்றோடொன்று ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. எத்தனை சுற்று டேப் போட்டாலும் ஒருநாள் கசியும். மேல்மூடியில் கசிந்தால் ஓ-ரிங். குழலின் அடியில் கசிந்தால், வால்வை இறுக்கும்போது காயிலைப் பிடித்து நெம்பியிருப்பார்கள், குழல் வளைந்திருக்கும். ஸ்பேனர் எப்போதும் உடலின் பட்டைப் பகுதியில்தான்.

## அறிகுறி 7: காற்று லைனின் 5/2, 3/2 வால்வுகள்

5/2 என்றால் ஐந்து துளை, இரண்டு நிலை; 3/2 என்றால் மூன்று துளை, இரண்டு நிலை. இந்த வால்வுகளில் கையால் இயக்கும் சிறிய பொத்தான் உண்டு. சிலிண்டர் நகரும் பாதையில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அதை அழுத்துங்கள். சிலிண்டர் நகர்ந்தால் கோளாறு மின்சாரப் பக்கம், அறிகுறி 1-க்குப் போங்கள். நகரவில்லை என்றால் காற்றுப் பக்கம்.

காற்றுப் பக்கத்தில் முதலில் அழுத்தம். உள் பைலட் வகைக்கு வழக்கமாக 1.5 முதல் 2.5 பார் இல்லாமல் ஸ்பூல் (உள்ளே நகர்ந்து காற்றின் வழியை மாற்றும் தண்டு) நகராது. அதற்குக் கீழான அழுத்தத்திலும் வெற்றிட லைனிலும் வெளி பைலட் வால்வு (ஸ்பூலை நகர்த்தும் காற்றைத் தனி லைனிலிருந்து எடுப்பது) வேண்டும். அடுத்து சைலன்சர்: அதைக் கழற்றியதும் சிலிண்டர் வேகம் பிடித்தால் எண்ணெய்ப் பிசுக்கில் அது அடைத்திருக்கிறது, புதியது போடுங்கள். கடைசியாக, கம்ப்ரஸர் எண்ணெய் காய்ந்து ஸ்பூலில் கோந்து போல ஒட்டியிருக்கலாம். நீண்ட நாள் நின்ற பிறகு முதல் முறை மட்டும் மக்கர் செய்வது இதன் அடையாளம்.

எக்ஸாஸ்ட் துளையில் ஓயாமல் "உஸ்" என்றால் வால்வைக் கழற்றும் முன் சிலிண்டரைச் சந்தேகியுங்கள். காற்றை நிறுத்தி, சிலிண்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் வால்விலிருந்து எடுத்து, அந்தத் துளைகளைப் பிளக் போட்டு மூடி, காற்றைத் திரும்பக் கொடுங்கள். "உஸ்" நின்றால் ஒழுகுவது சிலிண்டரின் பிஸ்டன் சீல். தொடர்ந்தால் வால்வின் ஸ்பூல் சீல்.

## அறிகுறி 8: எரிவாயு வால்வு

வாடை வந்தால் சோதனை எதுவும் கிடையாது. எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும், முன்னால் உள்ள கைவால்வை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே வந்து எரிவாயு நிறுவனத்தை அழையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரமும் பள்ளத்திலும் தேங்கும்.

வாடை இல்லை, வால்வு திறக்கவில்லை என்றால் நீங்கள் பார்க்கக்கூடியவை மூன்று: கைவால்வு திறந்திருக்கிறதா, காயிலுக்கு வோல்டேஜ் வருகிறதா, காயிலின் மின்தடை சரியா. அத்தோடு கையை எடுத்துவிடுங்கள். உடலைத் திறப்பதும் ரப்பரை மாற்றுவதும் உரிமம் பெற்றவர் வேலை. மூடிய நிலையில் துளியளவு கசிந்தாலும் கிட் போட்டுச் சமாளிக்க இடமில்லை, முழு வால்வையும் மாற்றச் சொல்லுங்கள்.

தேர்விலும் சலுகை இல்லை. தண்ணீர் வால்வை எரிவாயுவுக்குப் போடவே கூடாது. பர்னருக்கு ஈஎன் 161 போன்ற எரிவாயு வால்வுத் தரச்சான்று பொறித்ததாக இருக்க வேண்டும். அந்தத் தரத்தின் ஏ வகுப்பு வால்வு மின்சாரம் நின்ற 1 நொடிக்குள் மூட வேண்டும். நார்மலி க்ளோஸ்டு மட்டுமே. வீட்டு அழுத்தம் சில பத்து மில்லிபார்தான் என்பதால் பைலட் வகை திறக்கவே திறக்காது. வாயு தேங்கக்கூடிய இடத்தில் காயிலும் வெடிப்புத் தடுப்புச் சான்று பெற்றதாக வேண்டும். பொருத்தியவர் சோப்பு நுரையால் இணைப்புகளைச் சோதித்துக் காட்டட்டும். ஆக்ஸிஜன் லைன் என்றால் எண்ணெய்ச் சுவடுகூட இல்லாமல் சுத்தம் செய்த தனி வால்வு. அதற்கு அந்தத் துறை ஆள்தான்.

## மாற்றுவது என்று முடிவான பிறகு

கடைக்குப் பழைய வால்வை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அளந்த எண்களையும் எடுத்துப் போங்கள்: வால்வு வழியாக ஓட வேண்டிய அளவு, உள்வழியில் மிகக் குறைந்த அழுத்தம், மிக அதிக அழுத்தம், வெப்பநிலை, வோல்ட், ஏசியா டிசியா, மின்சாரம் போனால் திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா.

ரப்பரை நீங்களே கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் நைட்ரைல்தான் வரும். குளிர்ந்த தண்ணீர், காற்று, எண்ணெய், எல்பிஜிக்கு நைட்ரைல் சரி, 80 டிகிரி வரை. வெந்நீருக்கு இபிடிஎம், 120 டிகிரி வரை. ஆனால் எண்ணெயும் எல்பிஜியும் பட்டால் அது ஊதிப்போகும், கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய் வந்தாலும் அப்படியே. சூடான எண்ணெய்க்கு விட்டான். விட்டானை வெந்நீருக்கும் நீராவிக்கும் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 180 டிகிரி நீராவிக்கு டெஃப்ளான் சீல்.

உடல் பித்தளையே பெரும்பாலான இடங்களுக்குப் போதும். உப்பு அயனிகள் நீக்கிய தண்ணீருக்கும் கடல்நீருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக், அமோனியா உள்ள இடத்தில் பித்தளை வேண்டவே வேண்டாம், விரிசல் விட்டுப் பிளக்கும். குடிநீருக்கு ஈயமில்லாதது என்று சான்றுள்ளது.

பொருத்தியதும் ஆளில்லாமல் விட்டுவிடாதீர்கள். மிகக் குறைந்த அழுத்தத்திலும் மிக அதிக அழுத்தத்திலும் பத்துப் பத்து முறை இயக்குங்கள், ஒரு மணி நேரம் மின்சாரத்தில் வைத்துக் காயில் சூடான பிறகு மறுபடி ஒருமுறை. சூடான காயிலோடு, குறைந்த அழுத்தத்தில் தயங்காமல் திறந்து சொட்டில்லாமல் மூடினால் ஸ்ட்ரெய்னரைக் கழற்றி முதல் நாள் கசடை அலசிவிட்டு மூடுங்கள்.